வால் சிவப்புக்கு அப்ரூவல்

எங்கள் பக்கத்தில் புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தால் முதலில் தண்ணீர் கொடுப்போம். சொம்பு வாயை விட்டு இறங்குவதற்குள் "எந்த ஊருங்க" என்போம். ஊரைச் சொன்னதும் "அங்க எந்தக் கூட்டமுங்க" என்போம். கூட்டம் என்பது குலத்தின் உட்பிரிவு. ஒரே கூட்டமென்றால் பங்காளி, பெண் எடுக்க முடியாது. வேறு கூட்டமென்றால் ஜாதகம் வரை பேசலாம். கூட்டமே இல்லாதவர் என்று தெரிந்தால் பேச்சை மழைக்குத் திருப்பிவிடுவோம்.

தென்னமெரிக்காவிலிருந்து வந்த பாம்பு இந்த விசாரணைக்குத் தப்பிவிடும் என்று நான் நினைத்தது, விலங்கியல் படித்ததால் வந்த அறியாமை.

என் சித்தப்பா, அப்பாவுக்கு நேர் இளையவர், திருப்பூர் பல்லடம் ரோட்டில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். டீ-ஷர்ட் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார். கல்யாணம் ஆகவில்லை, பெண் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். நான் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு "சும்மா கொஞ்ச நாளைக்கு" என்று அந்தக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தேன். பையர், அதாவது துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர், அனுப்பும் மெயிலுக்குப் பதில் எழுதுவது, சாம்பிள் அனுப்புவது, துணியின் நிறம் சரியில்லை என்று அவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கிறது என்று மரியாதையாகச் சொல்வது, இதுதான் வேலை. கொஞ்ச நாள் முடிந்து நெடுநாள் ஆகிவிட்டது.

சித்தப்பாவின் சிநேகிதர் ஒருவர் தாராபுரத்தில் ரைஸ் மில் வைத்திருக்கிறார். ஆற்றோரம் தோட்ட வீடு. அங்கே மலைப்பாம்பு போல விஷமில்லாத ஒரு போவா பாம்பை வாங்கிக் கழுத்தில் போட்டுப் படம் எடுத்து, வாட்ஸப்பில் முகப்புப் படமாக வைத்துவிட்டார். சித்தப்பா அந்தப் படத்தை என்னிடம் நீட்டினார்.

"ஏம்மிணி, இந்தப் பாம்புல எது ஒசத்தி?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் யாராவது பாம்பைப் பற்றி என்னிடம் கேட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. மூச்சு விடாமல் சொன்னேன். போவா கன்ஸ்ட்ரிக்டரில் பல துணையினங்கள் உண்டு. மத்திய அமெரிக்காவிலிருந்து கொலம்பியா வரை இருப்பது ஒன்று; எங்கும் கிடைக்கும். சுரினாம், கயானா காடுகளில் இருப்பது இன்னொன்று. அதற்கு வால் மட்டும் ரத்தச் சிவப்பு. ஆராய்ச்சிக்காரர்கள் இப்போது இரண்டையும் தனித்தனி இனமாகவே பிரித்துவிட்டார்கள். விற்பவர்கள்தான் இன்னும் பழைய கணக்கில் இருக்கிறார்கள்.

"ஆக, அவங்கிட்ட இருக்கறது லோக்கல்" என்றார் சித்தப்பா. ஒரு மணி நேரப் பாடத்தை இதைவிடச் சுருக்க முடியாது. "நமக்கு ஒரிஜினல் ஒண்ணு பாரு."

நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. இது வெளிநாடு என்பதால் அரசாங்கத்தில் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம். சாரைக்கு இல்லாத சலுகை சுரினாமுக்கு. முறைப்படி எல்லாம் எழுதி வாங்கி, தீபாவளி முடிந்த கையோடு சென்னையிலிருந்து அவள் வந்து இறங்கினாள். நல்ல நீளம், என் தொடை பருமன். சாம்பல் கலந்த பழுப்பு உடம்பில் முதுகு நெடுகக் குதிரைச் சேணம் போலக் கரும்பழுப்புத் திட்டுகள். வாலுக்குப் போகப்போக அவை செங்கல்லாகி, கடைசியில் சிவப்பாகியிருந்தன. சாம்பிள் ரூமில் கண்ணாடிப் பெட்டி வைத்தோம். பக்கத்தில்தான் அயர்ன் டேபிள். அங்கிருந்து வரும் நீராவியில் அந்த அறைக்கு எப்போதும் ஒரு காட்டு ஈரப்பதம் உண்டு. நாங்கள் பல வருஷம் அதற்காகப் புலம்பியிருக்கிறோம். அவள்தான் முதல்முதலாக அதைப் பாராட்டினாள்.

வந்த அன்றே சித்தப்பா சட்டத்தைச் சொல்லிவிட்டார். "கண்ணு, இது ஒரிஜினல்தான்னு உறுதி பண்ணிக் குடு. அப்புறம் ஒரு நல்ல ஆணாப் பாத்துச் சேத்தலாம். குட்டி எடுக்கறது பூரா உன்ற பொறுப்பு. லோக்கலா இருந்துச்சுன்னா தாராபுரத்துக்கு அனுப்பிப் போடலாம். அவன் எப்ப வேணாலும் குடுங்கறான். ரெண்டு லோக்கலும் ஒரே எடத்துல கெடக்கட்டும்."

தாராபுரத்துத் தோட்ட வீட்டை நான் பார்த்திருந்தேன். தகரக் கூரை. சித்திரையில் அதன் கீழே நின்றால் மனுஷனுக்கே தோல் உரியும். அவர்களுடைய போவா மூக்கைக் கண்ணாடியில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கி வைத்திருந்தது. வருகிற குழந்தைகள் எல்லாம் பெட்டியைத் தட்டும். அங்கே இவள் போனால் அடுத்த மழையைப் பார்க்கமாட்டாள். ஆகவே இவள் சுரினாம் ஆகியே தீரவேண்டும்.

அடையாளம் பார்ப்பது எப்படி என்று இணையத்தில் தேடினேன். வெளிநாட்டுக்காரர்கள் அங்கே விடாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "உன் பாம்பின் தாய்வழி எந்த ஆற்றங்கரை?" "பாட்டன் யாரென்று தெரியாததை நான் என் பெட்டிக்குள் சேர்ப்பதில்லை." படிக்கப் படிக்கச் சொந்த ஊர் திரும்பிய மாதிரி இருந்தது. தண்ணீர்ச் சொம்பு ஒன்றுதான் பாக்கி.

முக்கியமான சோதனை சேணங்களை எண்ணுவது. கழுத்திலிருந்து வால் தொடங்கும் இடம் வரை, ஒரிஜினலுக்குக் குறைவாக இருக்கும். ஏறக்குறைய இருபத்திரண்டைத் தாண்டாது. மற்றதற்கு அதிகம். நான் எண்ணினேன்: சரியாக இருபத்திரண்டு. சித்தப்பா எண்ணியபோது பத்தொன்பது. அவருக்கு எப்போதும் தனக்கு வேண்டிய எண்ணிக்கை வந்துவிடும். கழுத்தருகே இரண்டு சேணங்கள் ஒட்டியிருந்தன. அதை ஒன்றென்பதா இரண்டென்பதா என்று தகராறு வந்து, மூன்றாவது ஆளாக டையிங் மாஸ்டர் அழைக்கப்பட்டார். மதுரைப் பக்கத்துக்காரர், சாயத்தில் முப்பது வருஷம். பாம்பைப் பார்த்ததும் அவருக்குள் பயம் கொஞ்சமும் தொழில் நிறையவும் எழுந்தன.

"இது ஆல் ஓவர் பிரிண்ட்டுல்ல" என்றார். கண்ணாடியருகே குனிந்து விரலால் அளந்தார். "மொதலாளி, ரிப்பீட் நிக்கல. இங்கன ஒரு அளவு, நடுவுல ஒரு அளவு. இப்பிடித் துணி வந்தா நம்ம வாங்குவமா?"

"வாங்க மாட்டம்" என்றார் சித்தப்பா, முகம் சுருங்கி.

"மாஸ்டரண்ணா, இது துணி இல்லீங்க" என்றேன்.

"துணியா இருந்தா ரிட்டன் போட்றலாமேம்மா. அதானே வருத்தம்."

சித்தப்பா யோசித்தார். யோசித்து, திருப்பூரில் மட்டுமே ஒரு மனிதனுக்குத் தோன்றக்கூடிய வழியைச் சொன்னார். "லைட் பாக்ஸ்ல வச்சுப் பாக்கலாம்."

லைட் பாக்ஸ் என்பது உள்ளே சாம்பல் வண்ணம் அடித்த ஒரு பெட்டி. சாயம் போட்ட துணியை அதில் வைத்து, பகல் வெளிச்ச விளக்கில் ஒரு தடவை, கடை விளக்கில் ஒரு தடவை பார்ப்போம். இரண்டிலும் ஒரே நிறமாகத் தெரிந்தால்தான் அப்ரூவல். இணையத்திலிருந்து ஒரு சுரினாம் வாலின் படத்தை எடுத்து, அந்தச் சிவப்புக்கு ஒரு துண்டுத் துணியைச் சாயம் போட்டுக்கொண்டு வந்தார் மாஸ்டர். படம் எந்த விளக்கில் எடுத்தது என்று நான் கேட்டது காதில் விழவில்லை. நான் அவளைத் தூக்கி வாலை மட்டும் பெட்டிக்குள் விட்டேன். மற்ற உடம்பு என் தோளில். பகல் விளக்கில் துணியும் வாலும் அக்கா தங்கை. சித்தப்பா சிரித்தார். கடை விளக்கைப் போட்டார்கள். துணி சிவப்பாகவே நின்றது; வால் ஓட்டு நிறமாகிவிட்டது.

"வேரியேசன்" என்றார் மாஸ்டர், இழவு சொல்லும் குரலில்.

"சுரினாம் காட்டுல கடை விளக்கு கெடையாதுங்க சித்தப்பா."

"பையர் எங்க வெச்சுப் பாப்பாருன்னு நமக்கென்ன தெரியும், அம்மிணி."

எந்தப் பையர் என்று நான் கேட்கவில்லை. சாயங்கால டீக்குப் பிறகு சித்தப்பாவுக்கு மனசு கேட்காமல் மறுபடி பார்க்கலாம் என்றார். போவாக்கள் பகலில் கறுத்து, இருட்டும்போது வெளுக்கும். அது அவற்றின் வழக்கம். இப்போது பகல் விளக்கிலும் வால் துணியோடு சேரவில்லை. கூடவே உடம்பும் ஒரு ஷேட் இறங்கியிருந்தது.

"காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு" என்றார் மாஸ்டர். "அப்ப ஃபாஸ்ட்னெஸ்ஸே இல்ல. சாயம் நிக்காது, மொதலாளி."

சாயம் நிற்கிறதா என்று பார்க்க ஒரு முறை உண்டு: ஈர வெள்ளைத் துணியால் தேய்ப்பது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு வாலில் பத்துத் தடவை தேய்த்தார். அவளுக்கு அது பிடித்துப்போய் இன்னும் கொஞ்சம் வாலை நீட்டினாள். துணி வெள்ளையாகவே இருந்தது. அந்தச் சோதனையில் அவள் முழு மதிப்பெண் பெற்றாள். உலகில் சாயச் சோதனையில் தேறிய ஒரே போவா அவளாகத்தான் இருக்கவேண்டும். முடிவு மட்டும் "பெண்டிங்" என்று நின்றது. பெண்டிங் என்றால் தாராபுரம் இன்னும் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

பெண்டிங்கில் இருந்தாலும் மாப்பிள்ளை பார்ப்பதை நிறுத்தவில்லை. பெங்களூர், கொச்சி, ஐதராபாத் என்று ஆண் போவா வைத்திருப்பவர்களின் படங்கள் என் போனுக்கு வந்துகொண்டே இருந்தன. ஒரு ஐ.டி. பையன் தன் பாம்பின் மூன்று தலைமுறையை வரைபடமாகவே அனுப்பினான். சித்தப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார். "இவனுக்கு வால் மங்கல்." "இவன் ரொம்ப எளசு." "இவனுக்கு மூஞ்சி செரியில்ல. இவிங்க பக்கம் பூராமே இப்படித்தான் இருப்பாங்க." கொச்சியின் எந்தப் பக்கம் என்பது அவருக்கே வெளிச்சம்.

அப்படித் தள்ளிக்கொண்டிருந்த ஒரு மதியம் கல்யாணத் தரகர் வந்தார். வெள்ளகோவில்காரர், சித்தப்பாவுக்காக அவர் தேய்த்த செருப்புக்குக் கணக்கில்லை. வழக்கமாக உட்கார்ந்ததும் பையைப் பிரிப்பவர் அன்று பிரிக்கவில்லை.

"என்னாச்சுங்க அந்தக் குன்னத்தூர் எடம்?" என்றார் சித்தப்பா, போனிலிருந்து கண்ணெடுக்காமல்.

"வேண்டாம்னுட்டாங்க, தம்பி."

"ஏனாமா?"

"வயசு கொஞ்சம் எச்சுங்கறாங்க. பையன் படத்துல பாத்ததுக்கும் நேர்ல பாத்ததுக்கும் கலர் ஒத்து வரலீங்கறாங்க."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"படம் எந்த லைட்ல எடுத்தீங்களோ" என்றார் மாஸ்டர். அவர் கேலி செய்யவில்லை. அவருக்கு அது வராது.

தரகர் அப்போதுதான் பெட்டியைப் பார்த்தார். தள்ளி உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்து, ஞாயமான குரலில் கேட்டார். "இதுக்கும் எடம் பாக்கறீங்களாட்ட இருக்குது. என்ன கூட்டமுங்க?"

"அதுதானுங்க தெரியல. பெண்டிங்" என்றேன்.

"தெரியாம எப்படிக் கண்ணு ஆண் பாப்பீங்க?" என்றார் அவர், உண்மையான அக்கறையுடன்.

மாசி பிறந்தபோது அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். வெந்நீர்ப் பை போலச் சூடாக்கியிருந்த மூலையில் போய்ச் சுருண்டு, வயிற்றை ஒருக்களித்து மேலே காட்டிக்கொண்டு கிடந்தாள். நிறமும் மாற ஆரம்பித்தது. சாம்பல் கரியாகி, சேணங்கள் அடையாளமே தெரியாமல் மங்கி, வால் துவைத்துத் துவைத்துக் காயப்போட்ட சிவப்புச் சேலை போலாகிவிட்டது. மாஸ்டர் தன் துணித்துண்டை எடுத்து வந்து கண்ணாடிக்கு வெளியிலிருந்தே பிடித்துப் பார்த்தார். லைட் பாக்ஸே தேவைப்படவில்லை.

"முழு லாட்டும் போச்சு, மொதலாளி."

சித்தப்பா என் முகத்தைப் பார்க்காமல் போனை எடுத்தார். "ஏனப்பா, ஞாயித்துக்கெழம வண்டி அனுப்பறயா? ஆமா. உன்ற ஜாதிதான்."

நான் அன்று மதியமே அவளைத் துணிப்பையில் வைத்து, காரின் ஏ.சி.யை அணைக்கச் சொல்லிவிட்டு, வியர்வை ஊற்ற கோயமுத்தூர் மருத்துவரிடம் கொண்டுபோனேன். போகும்போதே எனக்குச் சந்தேகம் இருந்தது. சினைப் போவா கறுக்கும், தின்னாது, சூட்டைத் தேடும் என்று படித்ததுதான். ஆனால் எங்களிடம் வந்த பிறகு எந்த ஆணும் அவளைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. எல்லாரையும்தான் சித்தப்பா தள்ளிவிட்டாரே. மருத்துவர் ஸ்கேன் கருவியை வயிற்றில் ஓட்டினார். வரிசையாக உருண்டைகள். ஒன்றிரண்டில் ஏதோ நெளிந்தது.

போவா முட்டையிடாது, குட்டி போடும். ஆணோடு சேர்ந்த பிறகு மாதக்கணக்கில் விந்தைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்ளவும் அதற்குத் தெரியும். நான் காரில் உட்கார்ந்தபடியே சென்னை விற்பனையாளரைக் கூப்பிட்டேன். இவளை அங்கே யாரோடு வைத்திருந்தீர்கள்?

"தனியாத்தான் மேடம்." பிறகு, "இடையில கூண்டு பத்தல. கொஞ்ச நாள் ஒரு ஆணோட விட்டோம். அவன் ரொம்ப சாது மேடம்."

"என்ன வகை?"

"கொலம்பியா. ஆனா நல்ல குணம்."

ஆக, அம்மா பெண்டிங், அப்பா லோக்கல். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குக் கோபம்தான் வந்தது, அதுவும் அந்தச் சாதுவின் மேல். அவினாசி தாண்டும்போதுதான் உறைத்தது: ஒரு பாம்பின் குட்டிகளுக்கு அப்பன் சரியில்லை என்று நானும் முகம் சுளித்துக்கொண்டிருக்கிறேன். மடியில் பை மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தாராபுரத்து வண்டி எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. கம்பெனி விடுமுறை என்பதால் அவளைப் பெட்டியோடு வீட்டில் வைத்திருந்தோம். நான் சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஸ்கேன் படத்தைக் காட்டினேன். அவர் முகத்தில் மகிழ்ச்சி ஒரு கணம் வந்தது. "ஆண்?" என்றார். சொன்னேன். மகிழ்ச்சி போய்விட்டது.

"கலப்பு" என்றார். "இதுக்குத்தான் நான் இத்தன பேர வேண்டாம்னனா? இப்பவே அனுப்பீரலாம் அம்மிணி. அவனுக்கு ஒண்ணுக்கு இருபதாக் கெடைக்குது. சந்தோசமா வாங்கிக்குவான்."

"இந்த வெய்யில்ல வண்டியில போட்டா செத்துருமுங்க சித்தப்பா. அங்க போயும் பொழைக்காது. உங்களுக்கே தெரியும்."

அவருக்குத் தெரியும். ஆனால் மில்காரர் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றார். சொன்ன சொல் ஒன்று இருக்கிறதே. சித்தப்பா பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

என் அம்மா சமையலறையிலிருந்து வந்தார். அவள் வந்த நாளிலிருந்து அம்மா கம்பெனிப் பக்கமே வந்ததில்லை. பாம்பு என்ற சொல்லையே சொல்லமாட்டார்; "அது" என்பார். கையில் கரண்டியோடு நடுவாசலில் நின்று ஸ்கேன் படத்தைக் கேட்டார். வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"இதெல்லாமா?"

"ஆமாம்மா. குட்டிக."

"ஏனுங்க தம்பி" என்றார் சித்தப்பாவிடம், குரலை உயர்த்தாமல். "மாசமா இருக்கறவள, பொறந்த ஊட்டுக்குத்தான் அனுப்புவாங்க. கண்ட எடத்துக்கு அனுப்பற பழக்கம் நம்ம குடும்பத்துல எப்பருந்துங்க?"

"அண்ணி, இது பாம்புங்க."

"நான் என்ன பசுன்னா சொன்னேன்? அதுக்குப் பொறந்த ஊடு எங்க கண்ணு?" என்னைப் பார்த்தார்.

"சுரினாம். இல்லாட்டி கொலம்பியா."

"தாராபுரத்துலருந்து எத்தன தூரம்?"

சித்தப்பா பெட்டியிலிருந்து கையை எடுத்தார்.

"அப்ப இங்கதான் பெறோணும்." அம்மா மில்காரர் பக்கம் திரும்பினார். "உள்ள வாங்கண்ணா, தோச ஊத்தீட்டு இருக்கறேன். பாவம், வண்டி வெச்சுட்டு வந்திருக்கறீங்க. ஆனா சினையாக் கெடக்கற பாம்ப வெரட்டுனா யாரு ஊட்டுக்கு ஆகாதுன்னு உங்க அம்மாகிட்டயும் ஒரு வார்த்த கேட்டுட்டு ஏத்துங்க."

மில்காரர் மடித்த வேட்டியை இறக்கி விட்டார். மூன்று தோசை சாப்பிட்டார். அவருக்கு இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நின்றார்கள். பெட்டி வண்டி ஏறவில்லை; மறுநாள் சாம்பிள் ரூமுக்கே திரும்பியது.

வைகாசியில் ஒரு காலை, பையருக்கு அனுப்ப வேண்டிய சாம்பிள் கோளாறாகி எல்லாரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தபோது அவள் பெற்றாள். கண்ணாடிக் காகிதம் போன்ற சவ்வுக்குள் சுருண்டபடி ஒவ்வொன்றாக வந்தன. சவ்வைக் கிழித்துத் தலையை நீட்டி, நாக்கை நீட்டி, திருப்பூர்க் காற்றை ருசி பார்த்தன. கருவாகாமல் போன மஞ்சள் உருண்டைகள் சிலவும் வந்தன. அயர்ன் டேபிள்காரர்கள் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். ஒடிசாவிலிருந்து வந்த தையல்காரப் பெண் ஒருத்தி, பிள்ளை பிறந்த வீட்டில் சொல்வது போல ஏதோ சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சித்தப்பா கடைசியாக வந்தார். மாஸ்டர் பழக்கத்தில் அந்தச் சிவப்புத் துணித்துண்டோடு வந்தார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். ஒன்றின் வால் ரத்தச் சிவப்பு. அடுத்ததற்குச் செங்கல். ஒன்றுக்குக் கிட்டத்தட்ட ஆரஞ்சு. ஒன்றுக்குச் சேணங்கள் ஒழுங்கு வரிசை. ஒன்றுக்கு எல்லாம் ஒட்டி ஒரே கோடு. மாஸ்டர் துணித்துண்டை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்துக் களைத்துப்போனார்.

"ஒண்ணுகூட ஒண்ணோட சேரல, மொதலாளி."

சித்தப்பா குட்டிகளை விரல் விட்டு எண்ணினார். தாராபுரம் என்று சொல்லிவிடுவார் என்று நான் தாயின் பெட்டி மேல் கையை வைத்தபடி நின்றேன். அவள் உள்ளே, வயிறு ஒட்டி, பழைய நிறம் வாலில் மெல்லத் திரும்ப, களைத்துக் கிடந்தாள்.

"மாஸ்டர்," என்றார் சித்தப்பா கடைசியில், "சேரோணும்னு யாரு சொன்னது? இது அசார்ட்டட் பேக்."

ஒரே பெட்டியில் பல நிறம் கலந்து அனுப்பும் ஆர்டருக்கு அதுதான் பெயர். அதில் ஷேட் சேர்ந்தால்தான் குற்றம். மாஸ்டர் முகம் தெளிந்தது. துணித்துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"தாய் இங்கயே இருக்கட்டும், அம்மிணி. பொறப்பப் பதிஞ்சு போடு. குட்டிகளுக்கு நல்ல எடமாப் பாரு. தகரக் கூரைக்குக் குடுக்காத."

அந்நேரம் அவர் போன் அடித்தது. தரகர். சாம்பிள் ரூமில் எல்லார் கையும் குட்டிகளில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, பாலக்காட்டுப் பக்கம் ஒரு எடம் வந்திருக்குதுங்க. பொண்ணு டீச்சரு. ஆனா ஒண்ணு சொல்லிப்போடறேன், நம்ம கூட்டத்துலயெல்லாம் வராதுங்க. அந்தப் பேச்சே அவிங்ககிட்டக் கெடையாது."

சித்தப்பாவின் இடக்கையில் ஒரு குட்டி, கட்டைவிரலைச் சுற்றிக்கொண்டு, நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே கேட்டார்.

"அது கெடக்கட்டுமுங்க. பாம்புன்னா பயமான்னு கேட்டீங்களா?"